எங்கட பிள்ளையளுக்குத் தேவையில்லை

தாட்சாயினி டண்டினோங் என்ற புறநகரில் பதினாறு வருடங்களாக ஒரு மருந்தகம் நடத்தி வந்தாள். காலை எட்டரைக்குக் கதவைத் திறக்கும்போதே வெளியே நாலைந்து பேர் நிற்பார்கள். ஹெரோயினை விட்டு மீள்வதற்காக மெதடோன் எடுப்பவர்கள். அந்தத் திரவ மருந்தை அளந்து சின்னப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்து, அவர்கள் தன் கண்ணுக்கு முன்னால் குடித்து முடிக்கும்வரை நிற்பது அவளுடைய வேலை. இப்படியானவர்களை வேண்டாம் என்று சொல்லும் மருந்தகங்கள் உண்டு. தாட்சாயினி சொன்னதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். ஒருவரின் நாய்க்குச் சுகமா என்று கேட்பாள், இன்னொருவரின் பல்வலியை விசாரிப்பாள். அவர்களும் மற்ற வாடிக்கையாளர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நிற்கப் பழகியிருந்தார்கள்.

இதைப் பார்த்துத்தான் கிரிஜா அவளைத் தேடி வந்தாள்.

கிரிஜாவுக்கு முப்பத்திரண்டு வயது. போதைப் பழக்கத்தில் சிக்கிய இளையோருக்கான சேவை நிலையம் ஒன்றில் சமூகப் பணியாளராக இருந்தாள். தமிழ்க் குடும்பங்களுக்குள் போய், தமிழிலேயே பேசி, பிள்ளைக்கும் பெற்றோருக்கும் நடுவில் நிற்பதுதான் அவளுடைய பொறுப்பு. அதற்கு மாநில அரசு இரண்டு வருடங்களுக்குக் கொடுத்திருந்த நிதி அந்த ஜூன் மாதத்தோடு முடிய இருந்தது.

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா கூடாதா என்று எங்கு பார்த்தாலும் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்த காலம் அது. வானொலியில் காலையில் ஒருவர் ஆதரித்துப் பேசினால் மாலையில் இன்னொருவர் எதிர்த்துப் பேசினார். சட்டம் எந்தப் பக்கம் போனாலும் இளையோரின் சிகிச்சைக்குப் பணம் ஒதுக்க வேண்டும், எந்தச் சமூகத்துக்கு எவ்வளவு தேவை என்று மக்களிடமே கேட்கப் போகிறோம் என்று மாநிலச் சுகாதாரத் திணைக்களம் அறிவித்திருந்தது. தமிழருக்கான கூட்டம் மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை.

"அக்கா, பெரிய பேச்சொண்டும் வேண்டாம்," என்றாள் கிரிஜா. "எங்கட ஆக்களிட்டையும் இந்தப் பிரச்சினை இருக்கு, தமிழில கதைக்க ஒராள் வேணும் எண்டு நீங்கள் சொன்னாக் காணும். நான் சொன்னா, தன்ர வேலையைக் காப்பாத்தச் சொல்லுறாள் எண்டு நினைப்பினம். உங்கட சொல்லெண்டா எடுபடும்."

"எத்தினை குடும்பம் உம்மட்டை வருகுது?"

"இப்ப பதினொண்டு."

"நான் சொல்லுறன்," என்றாள் தாட்சாயினி. சொல்லும்போது அவள் உண்மையாகத்தான் சொன்னாள்.

அவளுடைய வீட்டிலும் அது இருந்தது. ஜனவரி வெக்கையில் ஒருநாள் மகள் ராகவியின் அலுமாரியில் தோய்த்த உடுப்புகளை அடுக்கப் போனபோது, குளிர்காலக் கோட்டின் பைக்குள் கஞ்சா எண்ணெய் நிரப்பிப் புகைக்கும் வேப் கருவிகள் மூன்று இருந்தன. ராகவிக்குப் பதினேழு வயது, பன்னிரண்டாம் வகுப்பு. கேட்டபோது அவள் அழவும் இல்லை, மறுக்கவும் இல்லை. எப்படியும் சட்டபூர்வமாக வரப்போகிற சாமானுக்கு ஏன் இந்தக் கூத்து என்று ஆங்கிலத்தில் கேட்டாள். தாட்சாயினியின் கணவர் சிறிதரன் பொறியியலாளர், அதிகம் பேசாதவர். அவர் அந்த மூன்றையும் கராஜில் சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போட்டார்.

"நீர் ஒருத்தருக்கும் மூச்சு விடாதையும்," என்றார். "இந்த ஏரியா முழுக்க எங்கட சனம்."

அதற்குப் பிறகு ராகவி நடன வகுப்புக்கு வராததற்குப் படிப்பு என்று சொன்னார்கள். கலியாண வீட்டுக்கு வராததற்குக் காய்ச்சல் என்றார்கள். பொய் சொல்வது எவ்வளவு இலகுவாகப் பழகிவிடுகிறது என்று தாட்சாயினிக்கே ஆச்சரியமாக இருந்தது.

கூட்டம் நூலகத்தின் மேல்மாடி அறையில் நடந்தது. ஐம்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். முன்வரிசையில் தமிழ்ச் சங்கம் ஒன்றின் தலைவர் மகேந்திரராஜா. அவருக்குப் பின்னால், ராகவியோடு படிக்கும் பிள்ளைகளின் தாய்மார் மூன்று பேர் ஒன்றாக இருந்தார்கள். திணைக்களத்திலிருந்து வந்த அதிகாரி ஒரு வெள்ளைக்காரப் பெண். பணம் அளவானது, கேட்கும் சமூகங்கள் பல, ஆகவே உங்களுக்கு உண்மையில் இது எவ்வளவு தேவை என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லுங்கள் என்று கேட்டார்.

முதலில் மகேந்திரராஜா எழுந்தார். எங்கள் சமூகம் கட்டுப்பாடான சமூகம், பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகிறார்கள் என்று சொல்லிவிட்டு, "எங்கட மிஸிஸ் சிறிதரன் இந்தத் துறையிலயே இருக்கிறவா. அவாவைக் கேளுங்கோ," என்று கையைக் காட்டினார்.

எல்லாத் தலைகளும் திரும்பின. அந்த மூன்று தாய்மாரும் திரும்பினார்கள். அதில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ மெல்லச் சொன்னாள். என்ன சொன்னாள் என்பது தாட்சாயினிக்குக் கேட்கவில்லை. ராகவியைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று அவளுக்குத் தோன்றியது. எழுந்து நின்றாள். எழும்பும்வரை கிரிஜாவுக்குக் கொடுத்த வாக்கு நினைவில் இருந்தது.

"இந்தச் சேவை நல்ல சேவை," என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். "நான் ஒவ்வொரு நாளும் இந்த நோயாளிகளைப் பார்க்கிறேன். ஆனால் அவர்களில் எங்கள் பிள்ளைகள் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு இது தேவையில்லை. எங்களுக்கென்று ஒதுக்கக்கூடிய பணத்தை, இதைவிடக் கஷ்டப்படும் சமூகங்களுக்குக் கொடுங்கள். அதில் எங்களுக்குச் சந்தோசம்."

கைதட்டல் எழுந்தது. அதிகாரி குறிப்பெடுத்துக்கொண்டு, மிகப் பெருந்தன்மையான வார்த்தைகள் என்றார். பின்வரிசையில் கிரிஜா மடியில் இருந்த கோப்பை மூடி, இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள்.

கூட்டம் முடிந்ததும் தாட்சாயினி கழிவறைக்குப் போவதுபோலப் போய் பின்படியால் இறங்கிக் காருக்குப் போய்விட்டாள். அன்று பின்னேரம் சங்கத்தின் முகநூல் பக்கத்தில் அவளுடைய படம் வந்தது. 'எங்கள் பிள்ளைகளுக்குத் தேவையில்லை, தேவையானவர்களுக்குக் கொடுங்கள்' என்று படத்தின் கீழே போட்டிருந்தார்கள். இருநூற்றுச் சொச்சம் பேர் விரும்பியிருந்தார்கள்.

கிரிஜாவின் வேலை ஜூன் மாதத்தில் நின்றது. அவள் கோபமாக வந்து ஏதாவது கேட்பாள் என்று தாட்சாயினி சில வாரங்கள் பயந்தாள். அவள் வரவே இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

ஜூலையில் ராகவி பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினாள். பகல் முழுவதும் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் தன்னைப் பற்றியே கதைக்கிறார்கள், சுவருக்குள்ளால் கேட்கிறது என்று ஒரு காலையில் சொன்னபோது சிறிதரன் கதிரையில் இருந்தபடியே தலையைப் பிடித்துக்கொண்டார். அரசாங்க நிலையத்தில் கேட்டால் காத்திருக்க வேண்டும், தெரிந்தவர்கள் கண்ணிலும் படலாம். சிட்னியில் தனியார் சிகிச்சை நிலையம் ஒன்று இருந்தது. எட்டாம் நாள் இடம் கிடைத்தது. ராகவி சிட்னியில், மேய்ஸ் ஹில்லில் சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள், முருகன் கோயிலுக்குக் கிட்ட, அவளுக்கு அங்கே நல்ல விருப்பம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார்கள்.

ராகவி போன மறுவாரம் யோகா மருந்தகத்துக்கு வந்தாள்.

யோகாவையும் அவளுடைய கணவர் கணேசலிங்கத்தையும் தாட்சாயினிக்கு வாடிக்கையாளர்களாகத் தெரியும். அவருக்கு நீரிழிவு, அவளுக்கு முழங்கால் நோ. படகில் வந்து, பத்து வருடத்துக்கு மேல் தற்காலிக விசாவில் இழுபட்டு, கொஞ்சக் காலத்துக்கு முன்புதான் நிரந்தரமாக இருக்கலாம் என்ற கடிதம் கிடைத்தவர்கள். அவள் கோழித் தொழிற்சாலை ஒன்றில் நின்று வேலை செய்தாள். இங்கிலிஷ் கேட்டால் ஓரளவு விளங்கும், பேச வராது.

"தங்கச்சி, ஒரு கடுதாசி வாசிச்சுச் சொல்லுவியளோ?" என்று யோகா மெல்லக் கேட்டாள். "ஆக்கள் இல்லாத இடத்தில."

தாட்சாயினி அவளை ஊசி போடும் சின்ன அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். இளையோர் சேவை நிலையத்திலிருந்து வந்த கடிதம். யோகாவின் மகன் கீர்த்தனனுக்குப் பத்தொன்பது வயது. வதிவிடச் சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியலில் அவன் இருந்திருக்கிறான். குடும்பம் தொலைபேசியில் சேவையை மறுத்துவிட்டதால் கோப்பை மூடிவிட்டதாகக் கடிதம் சொன்னது.

"மறுத்துப்போட்டியளாம், அக்கா."

"ஐயோ, நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. போனைத்தான் வைச்சனான்." யோகா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "தமிழில மாத்திச் சொல்ல, இன்ரபிறிற்றர் எண்டு ஒராளை லைனில போட்டவை. குரலைக் கேட்டவுடனே எனக்குத் தெரிஞ்சிட்டுது. கேரம் டவுன்ஸ் கோயில்ல எங்களோட நிண்டு கதைக்கிற மனுசன். அவர் நல்ல மனுசன்தான். எண்டாலும் அவரிட்டை எப்பிடி, என்ர பிள்ளை கஞ்சா பத்துறான், தகப்பன்ர மோதிரத்தை எடுத்து வித்துப்போட்டான் எண்டு சொல்லுறது? வாய் வரேல்லை, தங்கச்சி. வைச்சிட்டன்."

தாட்சாயினி உடனேயே நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். பத்து நிமிடம் பேசியதில் கோப்பைத் திறக்க ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பட்டியலில் கடைசியிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஏழு வாரமாகலாம்.

"முந்தி கிரிஜா எண்டு ஒரு பிள்ளை வீட்டை வாறவள்," என்றாள் யோகா, கடிதத்தை மடித்தபடி. "குசினிக்குள்ள இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு கதைப்பாள். கீர்த்தனனும் அவளோடயெண்டால் கதைப்பான். அவள் இருந்திருந்தா இப்பிடி வந்திராது. எங்கட ஆக்களே ஆரோ போய் கவர்மென்டிட்டை, எங்களுக்கு உது தேவையில்லையெண்டு சொன்னவையாம். சொன்னவைக்குப் பிள்ளையள் இல்லைப் போல."

தாட்சாயினி மேசையில் இருந்த ஊசிப் பெட்டிகளை நேராக அடுக்கினாள். ஏற்கெனவே அவை நேராகத்தான் இருந்தன.

"நீங்கள் செய்த உதவியை மறக்கமாட்டன்," என்று யோகா அவளுடைய கையைப் பிடித்துவிட்டுப் போனாள்.

அன்றே சொல்லியிருக்கலாம். அந்த அறைக்குள், கதவு சாத்தியிருந்த நேரத்தில். சொல்லாமல் விட்டதற்கு தாட்சாயினி தனக்குத்தானே ஒரு காரணம் வைத்திருந்தாள். யோகா ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறாள், இதையும் சொல்லி நோகடிப்பதா? ஆனால் அது யோகாவுக்காக இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு யோகா திரும்பவும் வந்தாள். இம்முறை நாலு பக்கக் கடதாசி. பொலிஸ் கொடுத்தது.

நடந்தது இதுதான். கீர்த்தனன் காசு கேட்டிருக்கிறான். கணேசலிங்கம் இல்லையென்று சொல்லிக் குசினி வாசலில் மறித்து நின்றிருக்கிறார். அவன் தள்ளிவிட்டதில் அவருடைய நெற்றி அலுமாரி மூலையில் அடித்துப் பிளந்தது. சத்தம் கேட்ட பக்கத்து வீட்டுக்காரர் பொலிஸைக் கூப்பிட்டார். பொலிஸ் கேட்ட எல்லாவற்றுக்கும் யோகா ஓம், ஓம் என்று தலையாட்டியிருக்கிறாள். அவர்கள் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகப் போகிறார்கள் என்று நினைத்திருக்கிறாள்.

"எந்த ஆஸ்பத்திரியெண்டு இதில போட்டிருக்கோ?" என்று கேட்டாள்.

தாட்சாயினி வாசித்தாள். வாசித்துவிட்டுத் திரும்பவும் முதலில் இருந்து வாசித்தாள்.

"அக்கா, இது ஆஸ்பத்திரி இல்லை. நீதிமன்றம் சொல்லும்வரைக்கும் அவன் வீட்டுக்கு வரக்கூடாதெண்டு போட்டிருக்கு. இருநூறு மீற்றருக்கு உள்ள வந்தால் பிடிப்பினம்."

"அப்ப அவன் எங்க படுக்கிறது?"

அதற்குக் கடதாசியில் பதில் இருக்கவில்லை. கீர்த்தனன் நான்கு நாட்களாகச் சந்தைக்குப் பின்னால் உள்ள கார் நிறுத்துமிடத்தில், தன்னுடைய பழைய காருக்குள் இருந்தான். யோகா வேலைக்குப் போகும் வழியில் சோற்றுப் பெட்டியைக் காரின் மேல் வைத்துவிட்டு, அவன் எழும்புவதற்கிடையில் போய்விடுவாளாம்.

"பிள்ளையை நானே வீட்டை விட்டுத் துரத்திப்போட்டன், என்ன தங்கச்சி? ஓம் ஓம் எண்டு சொல்லிச் சொல்லித் துரத்திப்போட்டன்."

"நீங்கள் துரத்தேல்லை," என்றாள் தாட்சாயினி. வழக்கு வரும் செவ்வாய்க்கிழமைக்கு அடுத்த செவ்வாய் என்று திகதியை மட்டும் கடதாசியின் மேல் தமிழில் எழுதிக் கொடுத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராகவியோடு காணொளியில் பேசும் நேரம் இருந்தது. சிட்னி நிலையத்தில் வாரத்துக்கொருமுறை குடும்பத்தையும் சேர்த்து ஆலோசகர் பேசுவார். சிறிதரனும் தாட்சாயினியும் சாப்பாட்டு மேசையில் கணினிக்கு முன்னால் அருகருகே இருந்தார்கள். ராகவியின் முகம் கொஞ்சம் தேறியிருந்தது. தலைமயிரை வெட்டியிருந்தாள்.

ஆலோசகர், "ராகவி ஒரு விஷயம் சொல்ல விரும்புகிறாள். அவள் முடிக்கும்வரை நீங்கள் இடையில் பேசக்கூடாது," என்றார்.

ராகவி தாயைப் பார்க்காமல் மடியைப் பார்த்துக்கொண்டு ஆங்கிலத்தில் பேசினாள். பெப்ரவரியில் பள்ளிக்கூடத்திலிருந்து தானாகவே கிரிஜா அக்காவிடம் போனதாகச் சொன்னாள். ஐந்து தடவை போனாளாம். நிறுத்த வேண்டும் என்று விருப்பம் இருந்ததாம். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுகூட இரண்டு பேரும் பேசிப் பழகியிருந்தார்களாம். பிறகு ஒருநாள் முகநூலில் அம்மாவின் படத்தைப் பார்த்தாள்.

"அதுக்குப் பிறகு நான் போகேல்லை," என்று தமிழுக்கு மாறினாள். அவளுடைய தமிழ் தட்டுத்தடுமாறியது. "நீங்கள் எல்லாருக்கும் முன்னால நிண்டு நான் இல்லையெண்டு சொன்னீங்கள் அம்மா. எல்லாரும் கை தட்டினவை."

தாட்சாயினி வாயைத் திறந்தாள். ஆலோசகர் கையை உயர்த்தினார். சிறிதரன் எழுந்து போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் ஓடும் சத்தத்துக்குள் அவர் அழுவது கேட்டது. திருமணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவள் கேட்டிராத சத்தம்.

அடுத்த நாள் மதியம் தாட்சாயினி கிரிஜாவைத் தேடிப் போனாள். கிரிஜா இப்போது ஒரு நகரசபை அலுவலகத்தில், பாலர் பள்ளி விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தாள். வெளியே பேருந்துத் தரிப்பிட வாங்கில் இருவரும் அமர்ந்தார்கள். கிரிஜா சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் மடியில் வைத்திருந்தாள்.

"ராகவி உம்மட்டை வந்தது எனக்கு நேற்றுத்தான் தெரியும்."

"அவளே சொல்லிப்போட்டாளோ? நல்லது." கிரிஜா மூச்சை விட்டாள். "பதினொண்டு எண்டு சொன்னன்தானே அக்கா. அதில அவளும் ஒண்டு. அவள் வந்த பிறகுதான் நான் உங்களைத் தேடி வந்தனான். நீங்கள் கூட்டத்தில ஓம் எண்டு சொன்னா அது அவளுக்கும் கேக்கும் எண்டு நினைச்சன். அப்பிடி நினைச்சு உங்களைக் கேட்டது என்ர பிழை. என்ர வேலையில அது செய்யக்கூடாத வேலை."

"பிழை உம்மட இல்லை."

"உங்கட பிழையும் இருக்கு, என்ர பிழையும் இருக்கு," என்றாள் கிரிஜா. குரலில் கோபம் இல்லை, ஆறுதலும் இல்லை. "மற்றப் பத்துக் குடும்பமும் என்ன செய்யினமெண்டு எனக்குத் தெரியாது. அவைக்குப் போன் எடுக்கக்கூடாதெண்டு நிலையத்தில சொல்லிப்போட்டினம். அதுதான் எனக்கு நித்திரை வாறதில்லை."

"நான் இப்ப என்ன செய்யிறது?"

"சொன்னதைப் பிழையெண்டு எழுதிக் குடுங்கோ. இந்த முறைக்கு ஒண்டும் மாறாது, காசு பிரிச்சுக் குடுத்து முடிஞ்சுது. எண்டாலும் எழுதுங்கோ."

தாட்சாயினி எழுதினாள். இரவல் வார்த்தைகள் எதுவும் போடாமல், கூட்டத்தில் நான் சொன்னது உண்மை இல்லை, அப்போதே என் வீட்டில் இந்தப் பிரச்சினை இருந்தது, வெட்கத்தால் மறைத்தேன் என்று எழுதினாள். அனுப்புவதற்கு முன் ராகவியிடம் அனுமதி கேட்டாள். சிறிதரனிடம் கேட்கவில்லை, காட்ட மட்டும் செய்தாள். அவர் இரண்டு தரம் வாசித்துவிட்டு, "எழுத்துப் பிழை ஒண்டுமில்லை," என்றார். அதை அவருடைய சம்மதமாக அவள் எடுத்துக்கொண்டாள். ஒன்பது நாளில் பதில் வந்தது. நன்றி, கோப்பில் சேர்த்துக்கொள்கிறோம், அடுத்த நிதிச்சுற்று வரும்போது கவனத்தில் கொள்வோம்.

ஆனால் அந்தப் பதில் வருவதற்கு முன்னரே அவள் யோகாவின் வீட்டுக்குப் போயிருந்தாள். வழக்குக்கு இரண்டு நாள் இருந்தது. கணேசலிங்கம் வேலைக்குப் போயிருந்தார். யோகா குசினியில் கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள்.

"அக்கா, நீங்கள் இருங்கோ. நான் ஒண்டு சொல்லோணும்."

யோகா இருக்கவில்லை. அடுப்போரமாகவே நின்றாள்.

"அண்டைக்கு ஆரோ போய்த் தேவையில்லையெண்டு சொன்னவையெண்டு சொன்னீங்கள். அது நான்தான். நான்தான் அந்தக் கூட்டத்தில சொன்னனான்."

யோகா விளங்காதவள்போலப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியாமலிருந்திருக்கும்," என்றாள். "எங்களைப் போல ஆக்கள் இருக்கிறது உங்களுக்குத் தெரியாதுதானே."

அந்த இடத்தில் தாட்சாயினி ஓம் என்று சொல்லியிருந்தால் யோகா அதை நம்பியிருப்பாள். அவளே வழி திறந்துவிட்டிருந்தாள்.

"தெரியும்," என்றாள் தாட்சாயினி. "பதினொரு குடும்பம் எண்டு கிரிஜா சொன்னவள். என்ர மகளும் இதைத்தான் பத்தினவள். அதுவும் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் சொன்னனான்."

கேத்தில் கொதித்து விசிலடித்தது. யோகா அடுப்பை நிற்பாட்டினாள். தேத்தண்ணி போடவில்லை.

"உங்கட பிள்ளை இப்ப எங்க?"

"சிட்னியில. ஒரு கிளினிக்கில."

"எத்தினை நாளில இடம் கிடைச்சது?"

"எட்டு நாள்."

யோகா சன்னலுக்குத் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கத்துவாள் என்று தாட்சாயினி எதிர்பார்த்தாள். கத்தினால் நல்லது என்றும் நினைத்தாள். யோகா பாத்திரம் வைக்கும் தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்துத் துடைத்தாள். இன்னொன்றை எடுத்துத் துடைத்தாள்.

"போயிட்டு வாங்கோ," என்றாள்.

தாட்சாயினி எழுந்து வாசலுக்குப் போனாள். செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது யோகா பின்னால் வந்து நின்றாள். முகம் கல்லைப்போல இருந்தது.

"செவ்வாய்க்கிழமை கோட்டுக்கு வருவியளோ, மிஸ்? எனக்குக் கதைக்க வேற ஆக்களில்லை."

தங்கச்சி என்று கூப்பிட்டவள் மிஸ் என்றாள். தாட்சாயினி வருகிறேன் என்றாள்.

செவ்வாய்க்கிழமை மருந்தகத்தை உதவியாளரிடம் விட்டுவிட்டுப் போனாள். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்திருந்தார்கள். அடிலெய்ட்டிலிருந்து தொலைபேசி வழியாகப் பேசும் ஒரு பெண், யாருக்கும் தெரியாதவர். அப்படி ஒருவர்தான் வேண்டும் என்று கேட்டது தாட்சாயினி. கணேசலிங்கம் நெற்றித் தழும்போடு ஓரமாக நின்றார். அவர் தாட்சாயினியின் பக்கம் திரும்பவே இல்லை. யோகா சொல்லியிருக்க வேண்டும்.

கீர்த்தனன் தனியாக வந்தான். மெலிந்து, தாடி வளர்ந்து, கசங்கிய வெள்ளைச் சேர்ட் போட்டிருந்தான். தகப்பனிடமிருந்து பத்து அடி தள்ளி நின்றுகொண்டு அவருடைய நெற்றியைப் பார்த்தான். பிறகு குனிந்தான். அந்தக் குனிந்த தலையைத் தாட்சாயினியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

காத்திருந்தபோது மகேந்திரராஜா ஒரு வழக்கறிஞரோடு அந்த வழியால் வந்தார். வேறேதோ காணி விஷயமாக வந்திருக்க வேண்டும். "என்ன மிஸிஸ் சிறிதரன், இஞ்ச?" என்று நின்றார். யோகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யாருக்காக வந்தது என்று சொல்ல தாட்சாயினிக்கு உரிமை இல்லை. தன்னைப் பற்றிச் சொல்ல மட்டும்தான் இருந்தது.

"அங்கிள், மார்ச் கூட்டத்தில நான் பொய் சொன்னனான். என்ர ராகவி சிட்னியில சிகிச்சையில இருக்கிறாள். கஞ்சா. அந்தப் படத்தை உங்கட பக்கத்தில இருந்து எடுத்துவிடுங்கோ."

மகேந்திரராஜாவின் முகம் சிவந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். "ஐயோ, உதையெல்லாம் இஞ்ச நிண்டு கதைக்கக்கூடாது," என்று மெல்லச் சொல்லிவிட்டுக் கடந்து போனார். துணிவாக எதையோ செய்துவிட்டதாக அவளுக்குத் தோன்றவில்லை. ஆறு மாதம் பிந்தியிருந்தது.

நீதவான் கடதாசிகளைப் பார்த்து, பெற்றோர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் மூலம் பொறுமையாகக் கேட்டார். மகனைத் துரத்தச் சொல்லிக் கேட்கவில்லை, மருந்து எடுக்கச் சொல்லித்தான் கேட்டோம் என்று யோகா சொன்னாள். கணேசலிங்கம், நெற்றிக் காயம் ஆறிவிட்டது என்று மட்டும் சொன்னார். கட்டளை மாற்றப்பட்டது. கீர்த்தனன் வீட்டுக்கு வரலாம், அடிக்கவோ மிரட்டவோ கூடாது, இடம் கிடைத்ததும் சிகிச்சைக்குப் போக வேண்டும். வெளியே வந்ததும் யோகா மகனுடைய சேர்ட்டுக் கொலரை நிமிர்த்திவிட்டாள். மூவரும் ஒன்றாகப் பேருந்துத் தரிப்பிடத்தை நோக்கி நடந்தார்கள். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று தாட்சாயினி கேட்டதற்கு, "பரவாயில்லை, மிஸ்," என்று யோகா பதில் சொன்னாள்.

கீர்த்தனனுக்கு ஏழாவது வாரத்தில் இல்லை, ஒன்பதாவது வாரத்தில்தான் இடம் கிடைத்தது. போனான், பாதியில் திரும்பி வந்தான், பிறகு தானாகவே கேட்டு மீண்டும் போனான். ராகவி ஒக்டோபரில் வீட்டுக்கு வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பை அடுத்த வருடம் எழுதுவதாக முடிவு செய்திருந்தாள். ஒருமுறை தவறினாள். அதை ஒளிக்காமல் தாயிடம் வந்து சொன்னாள். தாட்சாயினி கத்தவில்லை, பக்கத்தில் வந்து இருக்கச் சொன்னாள்.

கிரிஜா சம்பளமில்லாமல் சனிக்கிழமைகளில் பெற்றோரைக் கூட்டிப் பேசத் தொடங்கினாள். முதல் நாள் நாலு பேர் வந்தார்கள். தாட்சாயினி தேத்தண்ணிச் சாமான்களைக் கொண்டுபோய், கதிரைகளை வட்டமாகப் போட்டாள். யோகா வாசல்வரை வந்து, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள்.

தாட்சாயினி தன் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நான் போயிட்டு வாறன். நீங்கள் இருங்கோ, அக்கா," என்றாள். யோகா வேண்டாம் என்று தடுக்கவில்லை. ஒதுங்கி வழிவிட்டாள். அவள் உள்ளே போய் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் தாட்சாயினி படியிறங்கினாள். அன்றிலிருந்து யோகா வரும் சனிக்கிழமைகளில் அவள் போவதில்லை.